பாஸ்டரம்மா கேட்ட ஒரு முழு ஞாயிறு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் பின்னால் நிற்கிறவருக்கும் இடம் கிடைக்கும். இன்றைக்கு ஒரு பாஸ்டரின் கதை சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், பிரசங்கம் இல்லை. ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மனுஷர் சும்மா உட்காரப் படித்த கதை. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். இப்போது கேட்டால் அவரே சிரிப்பார். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்.

முப்பத்தெட்டு வருஷம் ஊழியம். அதில் கடைசிப் பதினாறு வருஷம் ஒரே சபை. அறுபத்தைந்து வயது முடிந்ததும் சட்டப்படி இறங்கிக்கொள்ள வேண்டும், இறங்கிக்கொண்டார். நாலு பேர் பேசினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், எல்லாரும் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே பாஸ்டர் வீட்டைக் காலி செய்து, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு அவரும் மனைவியும் வந்துவிட்டார்கள். அந்த அம்மாவை எல்லாரும் பாஸ்டரம்மா என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். அவரோடு சேர்ந்து அந்த அம்மாவும் ஓய்வு பெற்றதாக யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை அம்மா அட்டைப்பெட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டடம் பார்க்க வந்தவரைப் போல அடுப்படி வாசலில் நின்றார்.

"உனக்கு என்ன வேணும், கேளு. இனிமே நமக்கு நேரம்தான் நேரம்."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்பதற்கென்றே பல வருஷமாகத் தயாராக வைத்திருந்ததைப் போலப் பதில் வந்தது.

"ஒரு ஞாயித்துக்கிழமை. முழுசா. முதல் மணியில இருந்து ஆசீர்வாதம் வரைக்கும் கோயில்ல நீங்க என் பக்கத்துல உக்காரணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கல்யாணத்தன்னைக்குப் பக்கத்துல நின்னீங்க. அதுக்கப்புறம் உங்களை எட்டத்துல வச்சுத்தான் பார்த்திருக்கேன். ரெண்டாவது பெஞ்சுல என் பக்கத்துல இத்தனை வருஷமா உக்காந்தது உங்க குடைதான்."

"இந்த ஞாயித்துக்கிழமையே உக்காந்துட்டாப் போச்சு," என்றார் பெரியவர். இதைவிடச் சுலபமான காரியத்தை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது அவர் எண்ணம்.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். அதே சபைக்காரிதான். அன்று சாயங்காலம் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "எப்படி இருக்கு, பாஸ்டரம்மா, புது வாழ்க்கை?" என்று கேட்டாள்.

"என்னத்தைச் சொல்ல. ஒரே ஆளைக் கட்டிக்கிட்டு மூணு பாஸ்டரோட குடும்பம் நடத்திட்டேன்," என்றார் அம்மா. "முதல் பாஸ்டர் ஒரு இடி. ஒண்ணேகால் மணி நேரம் பிரசங்கம். கூரையில இருந்த புறாவெல்லாம் வேற கோயிலுக்குப் போயிடுச்சு. வீட்டுல உப்பு கேட்டாக்கூட மூணு தலைப்பாப் பிரிச்சுத்தான் கேப்பாரு. ரெண்டாவது பாஸ்டர் கொத்தனார். கூரை, சுவரு, கழிப்பறை, பிள்ளைங்க படிக்க ஒரு கட்டடம். தலையில சிமெண்டோட சாப்பிட உக்காருவாரு. அந்தப் பத்து வருஷம் எந்த வசனத்தை எடுத்தாலும் கடைசியில செங்கல்லுலதான் வந்து நிக்கும்."

"மூணாவது?"

"மூணாவது ஆஸ்பத்திரி. எந்த வார்டு எந்த மாடியிலன்னு புது நர்சுங்க இவரைத்தான் கேப்பாங்க. பேச்சு குறைஞ்சுபோச்சு. கல்யாணத்துல அழுவாரு, அடக்கத்துக்கு வந்தவங்களைச் சிரிக்க வச்சு அனுப்புவாரு. பிரசங்கம் பன்னெண்டே நிமிஷம். அந்தப் பாஸ்டரை எனக்கு ரொம்பப் பிடிச்சுது."

"இப்ப நாலாவது வந்தாச்சா?"

"எங்க வந்தாரு? மூணாவது ஆளு இன்னும் போகல, நாலாவது ஆளு இன்னும் வரல. நடுவுல ஒருத்தர் அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, நான் தட்டு அடுக்குறது சரியில்லன்னு சொல்லிக்கிட்டிருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியவர் முதல் மணிக்கு முன்பே இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அம்மா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். புதிதாக வந்த சின்னப் பாஸ்டர் பீடத்தில் ஏறினார். முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கழுத்து மட்டும் அங்கிக்குள் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சபையில் போதகர் மேலிருந்து ஒரு வரி சொல்வார், கீழிருந்து எல்லாரும் பதில் வரி சொல்வார்கள். சின்னப் பாஸ்டர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். அதற்குள் அந்த வரி இரண்டாவது பெஞ்சிலிருந்து கணீரென்று கிளம்பிவிட்டது. பெரியவர் வேண்டுமென்று சொல்லவில்லை, பாவம். மணி நின்று மூன்று நொடி ஆனால் அந்த வரியைச் சொல்லி முப்பத்தெட்டு வருஷம் பழகிய வாய் அது. சபையும் பதினாறு வருஷம் பழகிய சபைதானே. மொத்தமாக இரண்டாவது பெஞ்சைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டது. பீடத்தில் நின்றவர், தன்னை அழைக்காத கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டவரைப் போல நின்றார்.

அம்மா முழங்கையால் ஒரு இடி இடித்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒழுங்காக இருந்தார். பிரசங்கம் தொடங்கிப் பன்னிரண்டு நிமிஷம் ஆனதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்தில் மறுபடி பார்த்தார். இருபதில் அதைக் கழற்றிக் காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார். மேலே நின்றவர் அதைப் பார்த்துவிட்டுப் பிரசங்கத் தாளில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார். அதனால் பிரசங்கக் கதையில் வந்த, காணாமல்போன மகன் வீட்டை விட்டுக் கிளம்பாமலே திரும்பி வந்து சேர்ந்தான்.

கடைசியில் ஆசீர்வாதம். சின்னப் பாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தினார். பெரியவரும் எழுந்து, சபைப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் உயர்த்தினார். முன்னால் இருந்தவர்கள் கண்ணை மூடியிருந்ததால் தப்பித்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்குக் குரல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். எதற்குத் தலை குனிவது என்று தெரியாமல் இரண்டுக்கும் குனிந்தார்கள்.

வெளியே வரும்போது சபைச் செயலாளர் வழியில் நின்றார். எதற்கெடுத்தாலும் தீர்மானம் எழுதுகிறவர் என்பதால் ஊரில் அவர் பெயரே தீர்மானம்.

"ஐயா, இன்னைக்கு ரெண்டு ஆசீர்வாதம். நம்ம சபைக்கு இது புதுசு," என்றார். கேலியா பாராட்டா என்று அவர் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வாசலில் கை குலுக்க நின்றிருந்த சின்னப் பாஸ்டரிடம் ஏழு பேர்தான் போனார்கள். மற்றவர்கள் பெரியவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது பெரியவர் மெதுவாகக் கேட்டார். "உக்காந்துட்டேன்ல?"

"இது கணக்குல சேர்த்தியில்ல," என்றார் அம்மா. "உடம்புதான் பெஞ்சுல இருந்துச்சு. ஆளு மேலதான் நின்னாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா முன்னெச்சரிக்கையோடு வந்தார். கனமான பாட்டுப் புத்தகத்தை அவருடைய இரண்டு கையிலும் கொடுத்து, "இதைக் கீழ வைக்கக் கூடாது," என்றார். வாய்க்கு ஒரு மிட்டாய். வரி தொடங்கும் நேரத்தில் மிட்டாய் நன்றாக வேலை செய்தது. முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது பாட்டும் முடிந்தது. அம்மாவுக்கு நம்பிக்கை வந்து, முதுகைச் சாய்த்துக்கூட உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் தலையைத் திருப்பிப் பின் வரிசைகளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. எண்ணுறேன்."

"எதை?"

"ஆளை." கொஞ்ச நேரம் கழித்து, "ரொட்டிக்கடைப் பெரியவரைக் காணோம். போன வாரமும் இல்ல."

"அதைப் பாக்க வேற ஆளு வந்தாச்சு. முன்னால திரும்புங்க."

"இல்லம்மா, அவரு ரெண்டு வாரம் சேர்ந்தாப்ல வராம இருக்க மாட்டாரு. ரெண்டே நிமிஷம்." புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்தார். மூன்றாவது பாட்டுக்கு எல்லாரும் எழுந்த சமயத்தில் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிட்டார்.

ரொட்டிக்கடைப் பெரியவர் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. தட்டினார். பதில் இல்லை. பலமாகத் தட்டினார். உள்ளேயிருந்து கட்டில் முனகுவதும், கால் தேய்ந்து வருவதும் கேட்டன. கதவு திறந்தது. கணுக்காலில் கட்டு, தலையெல்லாம் கலைந்திருந்தது.

"என்னாச்சு உங்களுக்கு? ரெண்டு வாரமா வரலையே."

"கால் பிசகிடுச்சு, ஐயா. சின்னப் பாஸ்டர் புதன்கிழமையே வந்து பாத்தாரு. வெள்ளிக்கிழமையும் வந்தாரு. காலை நீட்டிப் படுத்தே கெடங்க, ஞாயித்துக்கிழமை எழுந்து கிழுந்து வந்துடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு." கொட்டாவி விட்டார். "விடிய விடிய வலி. இப்பத்தான் கண்ணு அசந்தேன்."

பெரியவருக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனாலும் வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்றார். தான் போய்த் தட்ட வேண்டிய கதவை வேறொருவர் இரண்டு முறை தட்டிவிட்டுப் போயிருக்கிறார். தான் போனதில் ஒருவருடைய தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஜெபம் செய்யட்டுமா என்று கேட்டார். "அதுவும் ஆயிடுச்சு, ஐயா," என்று சொன்ன ரொட்டிக்கடைக்காரர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பண்ணா என்ன, கெட்டா போகும்?" என்று தலையைக் குனிந்தார்.

அவர் திரும்பி வந்தபோது கோயிலில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இதுவும் சேர்த்தியில்ல," என்றார் பெரியவர், அவரே முந்திக்கொண்டு.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை தீர்மானம் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பெரியவரே பிரசங்கம் செய்ய வேண்டும் என்று சபையார் கேட்டுக்கொள்கிறார்களாம். கீழே நாற்பத்தொரு கையெழுத்து.

"சின்னவரு நல்ல மனுஷன்தான், ஐயா. ஆனா உங்க குரல் மாதிரி வருமா? மாசத்துல ஒரு நாளு. அவருக்கும் ஓய்வா இருக்கும்."

பெரியவர் காகிதத்தை வாங்கிப் படித்தார். முகத்தில் பத்து வயது குறைந்தது. "ஜெபிச்சுச் சொல்றேன்," என்றார்.

உள்ளே இருந்த அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வேண்டாத காரியமாக இருந்தால் இவர் "ஜெபிக்கலாம்" என்பார். ஆசையான காரியமாக இருந்தால்தான் "ஜெபித்துச் சொல்கிறேன்" என்பார். இத்தனை வருஷத்தில் இது ஒருமுறையும் தப்பியதில்லை. முதல் ஞாயிறு பிரசங்கம் என்றால் மற்ற ஞாயிறுகளில் அதற்குத் தயாரிப்பு. பெஞ்சில் உடம்பை வைத்துவிட்டு மனசுக்குள் மூன்று தலைப்புப் பிரித்துக்கொண்டிருப்பார். தான் கேட்ட அந்த ஒரு ஞாயிறு இனி எந்தக் காலத்திலும் வராது என்று அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "வேணாம்னு சொல்லுங்க" என்று தான் சொல்லி அவர் மறுத்தால், அதுவும் சேர்த்தியில்லையே.

வியாழக்கிழமை பெரியவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறினார். ஏணி அடுப்படிக் கதவை ஒட்டிச் சாத்தியிருந்தது. தொட்டிக்குள் தலையையும் தோளையும் விட்டு அவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கீழே சின்னப் பாஸ்டர் அடுப்படிப் பக்கமாகவே வந்து நின்றார்.

"அம்மா, ஐயா வீட்டுல இருக்காரா?"

அம்மா ஏணியைப் பார்த்தார். பாஸ்டர் பெண்டாட்டி பொய் சொல்லக் கூடாது. "வீட்டுக்குள்ள இல்ல, பாஸ்டர். உள்ள வாங்க, உக்காருங்க, டீ போடறேன்."

"நல்லதாப் போச்சும்மா. உங்ககிட்டத்தான் பேசணும்."

பெரியவர் குரல் கேட்டுத் தலையை வெளியே எடுத்தார். இறங்கலாம் என்றால் ஏணி அந்தப் பிள்ளையின் மூக்குக்கு நேராகத்தான் இறங்குகிறது. உட்கார்ந்தால் அடுப்படிச் சன்னலில் பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்கிறது. உச்சி வெயில். தொட்டியை விட்டால் நிழல் இல்லை. தொட்டிக்குள்ளோ ஒரு சாண் தண்ணீர்.

"மாத்தல் கேட்டு எழுதலாம்னு இருக்கேன், அம்மா," என்றார் சின்னவர். "வந்து மூணு வாரம்கூட ஆகல, எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் ரெண்டாவது பெஞ்சைப் பாக்கறாங்க, ஐயா தலையாட்டறாரான்னு. போன வாரத்துல இருந்து நானும் பாக்க ஆரம்பிச்சுட்டேன். ஐயா எழுந்து போனதும் எனக்கு அடுத்த பக்கமே ஓடல. அவ்வளவு மோசமாவா பாடினோம்னு நினைச்சேன்."

அம்மா டீயை வைத்தார். பிறகு, கொஞ்சம் உரக்கவே பேசினார்.

"எங்க வீட்டுக்காரருக்கு இருபத்தேழு வயசுல முதல் சபை. அங்க ஓய்வு பெத்த பாஸ்டர் ஒருத்தர் முன்வரிசையில உக்காந்திருப்பாரு. இவரு தப்பாச் சொன்னா கைத்தடியால தரையில ஒரு தட்டு. நல்லாச் சொன்னாலும் ஒரு தட்டு. எந்தத் தட்டு எதுக்குன்னு தெரியாம சனிக்கிழமையானா இவருக்கு வயித்தால போகும். மூணாவது மாசம் குளியலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதாரு. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. தண்ணி தீந்துபோச்சு, அழுகை தீரல. அப்ப நல்லாவே கேட்டுச்சு."

"ஐயாவா?" என்றார் சின்னவர். அவரால் நம்ப முடியவில்லை.

"ஐயாதான். பெட்டியெல்லாம் கட்டியாச்சு."

"அப்புறம் எப்படிச் சரியாச்சு?"

"அப்புறம் என்ன, அந்தப் பெரியவர் செத்துப்போனாரு."

சின்னவர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதி வழியில் நின்றது.

"அந்த வழி உங்களுக்கு இப்ப இல்ல," என்றார் அம்மா. "எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு."

மேலே தேய்க்கிற பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது.

"என்ன சத்தம், அம்மா?"

"தொட்டியில ஏதோ இருக்கு. தானா அடங்கிடும். நீங்க டீயைக் குடிங்க."

சின்னவர் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஐயா மேல கோவம் இல்லம்மா. சபையில ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள்னு வச்சு ஜெபிக்கறேன். நேத்து உங்க வீட்டு முறை. முழங்கால் போட்டுட்டேன். ஐயாவுக்காக என்ன கேக்கறதுன்னே தெரியல. அவருக்கு என்ன கஷ்டம், என்ன வேணும்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. ரொட்டிக்கடைக்காரரைக் கேட்டேன், செயலாளரைக் கேட்டேன். ஐயாவுக்கா, அவருக்கு என்ன வேணும், அவருதான் எல்லாருக்கும் ஜெபிப்பாரேன்னு சொல்லிட்டாங்க. சும்மா கொஞ்ச நேரம் முழங்கால்லயே இருந்துட்டு எழுந்துட்டேன்."

அம்மா டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தார். "கடிதத்தை அடுத்த வாரம் எழுதிக்கலாம், பாஸ்டர்," என்றார் கடைசியில். "தபால்பெட்டி எங்கயும் ஓடிடாது."

சின்னவர் போன பிறகும் ஏணியில் கால் தெரியவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் இறங்கினார். வழுக்கைத் தலை செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அம்மா ஈரத்துணியை மடித்து அதன் மேல் போட்டார். ஆவி வராத குறைதான்.

"நான் மேல இருக்கேன்னு தெரிஞ்சுதானே அவ்வளவு சத்தமாப் பேசின?"

"அந்தப் பிள்ளைக்குக் காது மந்தமோன்னு நினைச்சேன்."

"நான் அந்தக் கைத்தடி ஆளு மாதிரியா ஆயிட்டேன்?"

"உங்களுக்குக் கைத்தடி எதுக்கு? கைக்கடிகாரமே போதுமே."

பெரியவர் ஈரத்துணியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். துணிக்குள்ளிருந்தே கேட்டார்: "எனக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன வேணும்னு நான் சொல்லிட்டேன். உங்களுக்கு என்னன்னு நீங்கதான் சொல்லணும். நான் உங்க பாஸ்டர் இல்ல."

வெள்ளிக்கிழமை காலை அவர் கோயில் அலுவலக அறைக்குப் போனார். பதினாறு வருஷம் அவர் இருந்த அறை. கால் பழக்கத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்தது. திருப்பிக்கொண்டு வந்து, வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கால் குட்டை. போதாததற்கு எதிர்ச் சன்னல் வெளிச்சம் நேரே கண்ணில் அடித்தது. கடன்காரன் முதல் கல்யாணப் பெண் வரை எத்தனை பேரை இதில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறோம், ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே என்று நினைத்தார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தன் பேச்சின் வல்லமை என்றல்லவா நினைத்திருந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னவர் எழுந்து நின்றுவிட்டார். திட்டு வாங்கத் தயாராக நிற்பது போல இருந்தது. "ஐயா, சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"உக்காருங்க, பாஸ்டர்," என்றார் பெரியவர். அதுவரை அவர் இவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "எனக்காக ஜெபிக்கணும்."

"எதுக்காக, ஐயா?"

இந்தக் கேள்வியை ஆயிரம் பேரிடம் அவர் கேட்டிருக்கிறார். பதில் சொல்வது இத்தனை கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்தது. நாற்காலி அந்தப் பக்கம் சாய்ந்தது, இந்தப் பக்கம் சாய்ந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில என்ன பண்றதுன்னு தெரியல," என்றார். "முழிப்பு நாலு மணிக்கே வந்துடுது. மனசு பிரசங்கம் தேடுது. கேக்க ஆளு இல்லன்னு ஞாபகம் வந்ததும் நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுது. யாராவது வீட்டுக்கு வந்து என்னைத் தேடினா நிம்மதியா இருக்கு. வரலைன்னா நானே தேடிப் போறேன். உங்களைத் தொந்தரவு பண்ணணும்னு இல்ல, பாஸ்டர். நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. அதான்." கொஞ்சம் நிறுத்தி, "இதுல மூணு தலைப்பு ஒண்ணும் இல்ல," என்றார்.

சின்னவர் மேசையைச் சுற்றி வந்து, அவர் தோளில் கை வைத்து ஜெபித்தார். நீளமான ஜெபம். தடுக்கித் தடுக்கிப் போனது. ஒரே விஷயத்தை நாலு தரம் கேட்டார். நடுவில் எங்கேயோ வழி தவறிப்போய் மழைக்காகவும் கேட்டார். பெரியவர் எதையும் திருத்தவில்லை. கைக்கடிகாரம் சட்டைக் கைக்குள் இருந்தது, அங்கேயே இருந்தது. ஆமென் சொன்னபோது இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினார்கள்.

எழும்போது பெரியவர், "இந்த நாற்காலியை மாத்திடுங்க," என்றார். உடனே, "இல்ல, அது உங்க இஷ்டம்," என்று சேர்த்துக்கொண்டார்.

வெளியே தீர்மானம் காத்துக்கொண்டிருந்தார். "ஐயா, ஜெபிச்சீங்களா?"

"ஜெபிச்சேன். வேண்டாம்."

"நாப்பத்தொரு கையெழுத்து, ஐயா."

"பாத்தேன். அதுல முப்பது பேரு என் பிரசங்கத்துல தூங்கினவங்க. பழகின குரலா இருந்தா தூக்கம் நல்லா வருமேன்னு ஆசைப்படறாங்க. புதுக் குரலும் கொஞ்ச நாள்ல பழகிடும்னு சொல்லுங்க."

"இதைத் தீர்மானமா எழுதட்டுமா?"

"தாராளமா எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இந்த முறை பாட்டுப் புத்தகத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டார். மிட்டாய் வேண்டாம் என்றுவிட்டார். முதல் வரி பீடத்திலிருந்து வந்தது. பெரியவர் சபையோடு சேர்ந்து பதில் வரி சொன்னார். அந்தப் பதில் வரியை அவர் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது, நடுவில் ஒரு வார்த்தை மறந்துவிட்டது. அம்மா எடுத்துக்கொடுத்தார். பாட்டு மூன்றும் முடிந்தன. பிரசங்கம் தொடங்கியது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷத்தைத் தாண்டினார், பதினைந்தைத் தாண்டினார்.

அப்போதுதான் முன்னால் சலசலப்பு. சின்னப் பாஸ்டரின் மனைவி முதல் பெஞ்சின் ஓரத்தில் ஏழு மாதக் குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். குழந்தை நெளிந்தது, சிணுங்கியது, பிறகு முழுத் தொண்டையில் தொடங்கியது. அந்தப் பெண் தோளில் போட்டாள், மடியில் போட்டாள். எழுந்து வெளியே போனால் புருஷன் பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்தாள். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

பாஸ்டரம்மாவுக்கு அந்த வியர்வை தெரியும். தன் பிள்ளைகள் இரண்டையும் அப்படித்தான் தனியாக வைத்துக்கொண்டு இடி இடிக்கிற பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறார். என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் எழுந்துவிட்டார். முன்னால் போய், அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார். குழந்தை ஏப்பம் விட்டது. அப்புறம்தான் அம்மாவுக்கு உறைத்தது. ஆசையாகக் கேட்ட ஞாயிற்றுக்கிழமையை இந்தத் தடவை நாமே கெடுத்துக்கொண்டோமே.

திரும்பிப் பார்க்க மனசு வரவில்லை. முன்னால் பார்த்தபடியே தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெஞ்சு லேசாக அமுங்கியது. பெரியவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குழந்தை தோள் வழியாக அவரைப் பார்த்தது, கையை நீட்டியது. மூக்குக்கண்ணாடி போயிற்று. அதைத் திரும்பக் கேட்டு ஒரு சத்தமில்லாத பேச்சுவார்த்தை நடந்தது. குழந்தை ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமல் பீடம் வெறும் வெள்ளை மூட்டமாகத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது பெஞ்சு காலியாக இருந்ததால், தலையாட்டுகிறாரா என்று பார்க்க யாருக்கும் ஆள் இல்லை. சபை வேறு வழியில்லாமல் பிரசங்கத்தைக் கேட்டது. அன்றைய பிரசங்கக் கதையில் வந்த ஆடு ஒழுங்காகக் காணாமல்போய், ஒழுங்காகக் கிடைத்தது. நன்றாகத்தான் பேசினார் அந்தப் பிள்ளை. பெரியவர் காதில் பாதிதான் விழுந்தது, மீதி நேரம் குழந்தை அவர் மூக்கைப் பிடித்திருந்தது.

வாசலில் வரிசை நின்றது. இவர்களும் எல்லாரையும் போல வரிசையில் நின்று, சின்னப் பாஸ்டர் கையைக் குலுக்கிவிட்டு வந்தார்கள்.

தெருமுனை வரைக்கும் அம்மா ஓரடி முன்னால் நடந்தார். அப்புறம், "நான்தான் பாதியில எழுந்துட்டேன்," என்றார்.

"ஆமா. நல்லா உக்காந்திருந்தோம்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"எதுக்கு அடுத்த வாரம்? நீ எழுந்து போன, நான் பின்னால வந்தேன். பக்கத்துலதானே உக்காந்தேன். எத்தனை ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நீ என் பின்னால வந்திருப்ப? நான் பத்தடி வந்ததுக்கே மூச்சு வாங்குது."

அம்மா நின்று அவரைப் பார்த்தார். மூக்கில் குழந்தையின் நகம் பட்டு ஒரு சின்னக் கீறல்.

"சேர்த்திதான்," என்றார் அம்மா.

அன்று சாயங்காலம் தையல்காரம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டியபோது, பெரியவர் அடுப்படியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்குவதைப் போலவே, தப்பாக.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போகும்முன் ஒன்று சொல்லி அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் ஊருக்கெல்லாம் ஓடுகிறவர் யாரோ, அவரை நிறுத்தி "உனக்கு என்ன வேணும்" என்று கேட்க ஒருவர் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் குழந்தை அழும்போது அதை வாங்கிக்கொள்ள இன்னொரு தோள் பக்கத்திலேயே இருக்கட்டும். கேட்க நினைத்ததை முப்பத்தெட்டு வருஷம் மனசில் வைத்திருக்காமல், உங்கள் வீட்டில் எல்லாரும் அன்றன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். எந்தக் காலம் வந்தாலும், பக்கத்தில் உட்கார ஆள் குறையாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். நல்லபடியாகப் போய் வாருங்கள்.